ஐந்து பேர், நானூறு கிலோ

பெர்த்
1 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நானும் ஷிஃபாவும் சுகம். ஹானியாவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன, மற்றபடி அவளும் சுகம். அத்தாவின் முழங்கால், அம்மாவின் தூக்கம், உன் தலைவலி, மூன்றையும் தனித்தனியாக எழுது. ‘எல்லாரும் நலம்’ என்று மொத்தமாக எழுதாதே.

தாளில் எழுதுவதற்குக் காரணம் உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கூப்பிட்டால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். வாட்ஸப்பில் நாம் போட்ட சண்டை இன்னும் நினைவிருக்கிறது. யோசித்துச் சொல்ல வேண்டியதைத் தாளில் சொல்வோம் என்று நீதான் சொன்னாய்.

விஷயம் இதுதான். படகு வாங்கப்போகிறேன். இங்கே பெரிய ஆடம்பரமில்லை, கார் போலத்தான். ஞாயிற்றுக்கிழமை காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் ஆற்று முகத்துவாரத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடலாம். குடும்பத்தோடு போகத்தான்.

இரண்டு படகு பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் அலுமினியம். ஒரே நிறம், ஒரே மோட்டார். தள்ளி நின்று பார்த்தால் எது எதுவென்று தெரியாது. ஒன்று ரிவெட் அடித்தது, ஐந்து பேர் போகலாம். மற்றது வெல்டிங் வைத்தது, அரையடி நீளம் கூட, ஆறு பேர். ஷெட்டில் ஐந்து பேர் படகு அடங்கும். ஆறு பேர் படகுக்குக் கதவைக் கழற்ற வேண்டும்.

ஒரு மாதமாக இதே யோசனை. வேலை நேரத்திலும். அலுமினியத்தைப் பற்றி அத்தாவுக்குத் தெரியாதது இல்லை. கேட்டு எழுது.

தம்பி,
ஷமீர்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். நீ கேட்ட வரிசையில்: முழங்கால் படியேறும்போது மட்டும். தூக்கம் மூன்று மணிவரை. தலைவலி இல்லை. ஹானியாவின் பல்லை என்ன செய்தீர்கள் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் கடிதத்தை நம் பாத்திரக் கடையில் வைத்து வாசித்துக் காட்டினேன். அத்தாவின் முதல் கேள்வி: “எம்புட்டு எடை?”

படகுக்கு எடை பார்த்து விலை சொல்ல மாட்டார்கள் அத்தா என்றேன். நம்பவில்லை. “அலுமினியம்னா கிலோ கணக்குதான். வேற எப்படி விப்பான்? கனமா இருக்கறத எடுக்கச் சொல்லு. லேசான அண்டா ரெண்டு கல்யாணத்துல நெளிஞ்சுரும்.”

ரிவெட் என்றதும் கையை ஆட்டினார். “ஆணி அடிச்ச கைப்பிடி ஒழுகாம நான் பாத்ததில்ல. வெந்நி கசியும். நடுத்தண்ணியில கசிஞ்சா யாருட்ட போய்ச் சொல்ல?”

ஆக, அத்தாவின் ஓட்டு ஆறு பேர் படகுக்கு.

எனக்கு ஒன்று புரியவில்லை. நான் ராஜபாளையத்திலிருந்து திரும்பி வந்து மூன்று வருடம். எடை போடுவதும் பில் எழுதுவதும் நான்தான். வருகிற ஆளிடம் முதலில் கேட்பது, எத்தனை பேருக்குச் சமைக்க என்று. அப்புறம்தான் பாத்திரம் எடுத்துக் காட்டுவேன்.

நீங்கள் மூன்று பேர். ஏன் ஐந்தா ஆறா என்று யோசிக்கிறாய்?

பதில் எழுது. சுகம் பேணு.

அல்ஃபியா


பெர்த்
13 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். குளிர் அதிகம். ஹானியாவுக்குச் சளி, இப்போது பரவாயில்லை. அம்மாவிடம் சொல்: பல்லைத் தலையணைக்கடியில் வைத்தோம், இங்குள்ள பிள்ளைகள் அப்படித்தான்.

எடை என்று அத்தா கேட்டதில் அர்த்தமிருக்கிறது. மறுபடி போய்ப் பார்த்தேன். படகின் பக்கத்தில் ஒரு தகடு ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஆள் கணக்கு ஒன்று, கிலோ கணக்கு ஒன்று. சின்னப் படகில் ‘ஐந்து பேர், நானூறு கிலோ’. பெரியதில் ‘ஆறு பேர், ஐந்நூறு கிலோ’. இரண்டில் எதைத் தாண்டினாலும் தப்பு.

நாங்கள் மூவரும் சேர்ந்து நூற்று அறுபத்தேழு. பெட்ரோல், ஐஸ்பெட்டி, லைஃப் ஜாக்கெட், மற்ற சாமான் எல்லாம் அறுபது. மீதி நூற்று எழுபத்து மூன்று.

அத்தா, அம்மா எடை சரியாக எவ்வளவு? கடைத் தராசில் நிறுத்து எழுது. காரணம் கேட்டால் சும்மா என்று சொல்.

தூக்கத்தில் அந்தத் தகடு வருகிறது. கூட்டிக்கொண்டே இருக்கிறேன்.

ஷமீர்


ஸ்ரீவில்லிபுத்தூர்
2 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். இங்கே வெயில். மலைப்பக்கம் மட்டும் கறுக்கிறது, செண்பகத்தோப்புவரை வந்து மழை திரும்பிப் போய்விடுகிறது. எல்லோரும் நடமாடுகிறோம்.

நிறுத்தாயிற்று.

அம்மா கடைக்கு வருவதே அபூர்வம். ஷமீர் எடை கேட்கிறான் என்றதும், “எதுக்காம்? என்னைய விலைக்குப் போடப் போறானா?” என்றாள். கருத்தையா, அதே கருத்தையாதான், இன்னும் நம் கடையில் அண்டா தூக்குகிறார், எடை மெஷினைத் துடைத்துவிட்டார்.

“ஏறுங்கம்மா. இருவது வருசமா அண்டாவத்தான் ஏத்திக்கிட்டு இருக்கேன்.”

“ஏலே கருத்தையா, என்னைய அண்டாங்கியா?”

“ஐயோ, அண்டா இம்புட்டுப் பேசாதும்மா.”

அத்தா சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார். பிறகு அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். நம்பரை ஒருத்தரும் சத்தமாகப் படிக்கக் கூடாது, பார்க்கவும் கூடாது, அல்ஃபியா மட்டும் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். அத்தாவும் ஒப்புக்கொண்டார். கருத்தையா தெருப்பக்கம் திரும்பி நின்றார். அத்தா தொப்பி, கண்ணாடி, சாவிக்கொத்து எல்லாம் எடுத்துவைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருடம் மற்றவர்களுக்குப் பொருள் நிறுத்தவர் தன்னை நிறுக்கும்போது இப்படித்தான் நிற்பார் போல.

அத்தா 98.
அம்மா 85.

வேறு யாருடையதாவது வேண்டுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அல்ஃபியா


பெர்த்
20 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

ஸலாம். நலம் விசாரிக்கக்கூட நிதானமில்லை.

98 என்றா எழுதியிருக்கிறாய்? போன வருடம் அத்தா 71. கால் வீங்குகிறதா? விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? அம்மாவுக்கு 85 எப்படி? வீடியோவில் முகம் அப்படித் தெரியவில்லையே. நீர் சேருகிறதா? உடனே டாக்டரிடம் கூட்டிப் போ.

அக்டோபரில் மெடிக்கல் இருக்கிறது. அதில் ஏதாவது வந்தால் எல்லாம் போச்சு.

உன் பதில் வரும்வரை என்னால் பொறுக்க முடியாது. வெள்ளிக்கிழமை போனிலேயே கேட்டுவிடப்போகிறேன்.

ஷமீர்


ஸ்ரீவில்லிபுத்தூர்
8 செப்டம்பர் 2025

தம்பிக்கு,

ஸலாம். அத்தாவுக்கும் அம்மாவுக்கும் எந்த வியாதியும் இல்லை. முதலில் அதைப் படித்துக்கொள்.

நீ போனில் கேட்டாய். ஸ்பீக்கரில். “தொண்ணூத்தெட்டுன்னு அக்கா எழுதியிருக்கா.” அம்மா ஒரு மணி நேரம் என்னுடன் பேசவில்லை. அது பெரிதில்லை. அத்தா என்னைப் பார்த்து, “அப்படியா காட்டுச்சு?” என்றார். ஆமாம் அத்தா என்றேன்.

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. மெஷினைச் சந்தேகப்பட்டார்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. தானே ஏறி நின்றார்: 71. இருபது கிலோ கல்லை வைத்தார்: 20. எடுத்து வைத்தார், எடுத்து வைத்தார். மதியம்வரை. ராஜபாளையத்திலிருந்து தராசு ரிப்பேர் செய்யும் தங்கச்சாமியை வரவழைத்தார். அவர் கழற்றிப் பார்த்துவிட்டு, “பாய், மெஷின் தங்கம் மாதிரி இருக்கு” என்றார். அத்தா கேட்கவில்லை.

“இப்ப சரியாத்தான் இருக்கு. அன்னைக்கு இருவத்தேழு கிலோ கூடச் சொல்லியிருக்கே. எப்பவாச்சும் பொய் சொல்ற மெஷினை வச்சு எத்தன பேருக்கு வித்தேனோ. மறுமையில யாரு பதில் சொல்ல?”

ரமலானுக்குப் பிறகு பெரிய பாத்திரம் வாங்கியவர்களுக்கு ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். கொக்கித் தராசை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறார். சுந்தரபாண்டியத்தில் மூன்று வீடு முடிந்தது. மூன்றும் சரி. அதனால் பயம் குறையவில்லை, கூடியிருக்கிறது. அடுத்து கூமாப்பட்டி. அந்த முழங்காலோடு.

மெஷின் பொய் சொல்லவில்லை ஷமீர். அத்தா 71. அம்மா 58. நான் 54.

என் ஐம்பத்து நாலை இரண்டாக்கி, ஆளுக்கு இருபத்தேழு அவர்கள்மேல் ஏற்றினேன். நூற்று எழுபத்து மூன்றைத் தாண்டப் பத்து கிலோ மிச்சமாகவே வந்தது. ஐந்து பேர் படகு கழிந்தது, இனி ஆறு பேர் படகுதான் என்று நினைத்தேன்.

நீ என்னுடையதைக் கேட்கவில்லை.

அத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. அக்டோபரில் என்ன மெடிக்கல்?

அல்ஃபியா


பெர்த்
24 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். உன் கடிதத்தை ஷிஃபாவிடம் காட்டவில்லை.

அத்தாவுக்கும் அம்மாவுக்கும் இங்கேயே தங்குவதற்கான விசா. ஏழு வருடத்துக்கு முன் விண்ணப்பித்தது. அப்போது நீ ராஜபாளையத்தில் உன் புகுந்த வீட்டில் இருந்தாய். அவர்களிடம் கையெழுத்து வாங்கினேன். அவர்கள் மறந்தே போனார்கள். நானும்தான். மே மாதம் பதில் வந்தது. மெடிக்கல், அதாவது உடம்புப் பரிசோதனை, முடிந்தால் கிடைத்துவிடும்.

இங்கே ஒரு விதி. பிள்ளைகளில் பாதிப் பேராவது இந்த நாட்டில் இருக்க வேண்டும். நாம் இரண்டு பேர். சரியாகப் பாதி.

மீதிப் பாதியைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. அக்காவுக்கு என்று ஒரு விசா கிடையாது. நான்கு வக்கீலிடம் கேட்டேன்.

இதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் படகைப் பற்றி எழுதினேன். படகு பொய்யில்லை. ஆனால் மே மாதத்துக்கு முன் எனக்கு அந்த நினைப்பே இல்லை.

ஆறு பேர் படகை நான் ஏன் பட்டியலில் வைத்திருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். உன்னை எண்ணினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள. நீ வர முடியாது என்று தெரிந்தே.

விசாவுக்குச் சரி சொல்ல டிசம்பர்வரை நேரம் இருக்கிறது. நீ வேண்டாம் என்றால் வேண்டாம். சத்தியமாக.

ஷமீர்


ஸ்ரீவில்லிபுத்தூர்
13 அக்டோபர் 2025

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். மழை தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு இருமல், கஷாயம் குடிக்கிறாள். அத்தாவின் முழங்காலுக்குப் பட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே கூமாப்பட்டி நடந்துவிட்டது. நானும் கூடப் போனேன். வேல்சாமி என்கிற விவசாயி வீடு. வாசலில் அண்டாவில் நெல் அவிந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் பயந்துவிட்டார்.

“என்ன பாய், வித்த பொருளைத் திருப்பி எடுக்க வந்தியளா?”

“இல்லப்பா, எடை பாக்கணும்.”

“உள்ள நெல்லு இருக்கே. நெல்லோடவா?”

“நெல்லு உன்னோடது. அண்டா எடைதான் என் பொறுப்பு. செத்த நேரம் இருக்கோம், ஆறட்டும்.”

வேப்பமரத்தடியில் இரண்டு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். அங்கே வைத்துச் சொன்னேன். மெஷின் சரி அத்தா, நான்தான் கூட்டி எழுதினேன் என்று. எதற்கு என்றும் சொன்னேன்.

நெல் கொட்டி ஆறியதும் அத்தா எழுந்து போய்க் கொக்கியை மாட்டி நிறுத்தார். “வந்தது வந்தாச்சு. பாத்துட்டே போவம்.” சரியாக இருந்தது. வேல்சாமியிடம் கை கொடுத்தார்.

பஸ்ஸில் வத்திராயிருப்பு தாண்டியதும்தான் பேசினார்.

“ஏட்டி, உன் எடைய எதுக்கு எங்க மேல ஏத்துன? வேணும்னா வாயத் தொறந்து கேக்கணும். கடைக்கு வந்து பேசாம நிக்கிறவனுக்கு நீ பாத்திரம் எடுத்துக் குடுப்பியா?”

பத்து நாள் கழித்து உன் கடிதம் வந்தது. அதை அப்படியே அவர் கையில் கொடுத்தேன். அவர் அம்மாவிடம் சொன்னார். மறுநாள் காலை அம்மா ஹானியாவின் ஸ்வெட்டர் அளவு கேட்டாள். அம்மாவுக்குப் போக வேண்டும் ஷமீர். என்னைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நிற்கிறாள்.

நீ வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அந்த எடையை என்மேல் வைக்காதே. அவர்கள் போகட்டும்.

எனக்கு வேண்டியதைக் கேட்கிறேன். கடை எனக்கு வேண்டும். பார்த்துக்கொள்ள இல்லை, சொந்தமாக. என் பேரில். மார்க்கப்படி மகனான உன் பங்கு என்னுடையதைப் போல இரண்டு மடங்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். அத்தாவிடம் கேட்டுவிட்டேன். “ஷமீரு சம்மதம் எழுத்தா வரட்டும். போன்ல சொல்றது வேண்டாம்” என்கிறார்.

ஐந்து பேர் படகை வாங்கு. ஆறாவது இடம் காலியாக இருந்தால் அம்மா தண்ணீரைப் பார்க்க மாட்டாள், அதைத்தான் பார்த்துக்கொண்டு வருவாள்.

பதிலைத் தள்ளிப்போடாதே. கேட்டுவிட்டேன், இப்போது பயமாக இருக்கிறது.

அல்ஃபியா


பெர்த்
2 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நாங்கள் நலம். மெடிக்கலில் இருவருக்கும் குறை ஒன்றும் இல்லை என்று நேற்று தகவல் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

கடையைப் பற்றி நான் ஒருநாளும் நினைத்ததே இல்லை என்று எழுத ஆரம்பித்தேன். கிழித்துவிட்டேன். நினைத்திருக்கிறேன். இங்கே வேலை போனால், ஒன்றும் சரிப்படாவிட்டால், திரும்பி வந்து உட்கார ஒரு இடம் என்று. பதினோரு வருடமாக அந்த நாற்காலி எனக்காகக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே தூங்கினேன். நீ அதில் உட்கார்ந்து வேலை செய்வது கண்ணில் படவே இல்லை.

அதனால் உன் கடிதம் வந்து நாலு நாள் பதில் எழுதவில்லை. ஷிஃபாதான் கேட்டாள்: “உங்க அக்கா எதைக் கேக்குறாங்க? உங்களோடதையா, அவங்களோடதையா?”

சம்மதத்தைத் தனித் தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு இதோடு வைத்திருக்கிறேன். அத்தாவிடம் கொடு. வக்கீலுக்கு வேறு மாதிரி வேண்டுமென்றால் சொல், அப்படியும் எழுதித் தருகிறேன்.

ஐந்து பேர் படகுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகும் அந்த இன்னொன்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வேறு யாரோ குடும்பம் அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

தனியாக இருந்துவிடுவாயா?

இப்படிக்கு,
ஷமீர்


ஸ்ரீவில்லிபுத்தூர்
11 ஜனவரி 2026

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். அம்மா, அத்தா, ஷிஃபா, ஹானியா எல்லோருக்கும் என் விசாரிப்பைச் சொல். அம்மாவுக்கு அந்த ஊர் அரிசி ஒத்துக்கொள்கிறதா?

நீ கேட்டதற்குப் பதில்: தெரியவில்லை. அவர்களை ஏற்றிவிட்டு விமான நிலையத்திலிருந்து வந்த அன்று மூன்று பேருக்கு உலை வைத்தேன். மறுநாள் காலை கருத்தையா அதைச் சாப்பிட்டார். “தாயி, இனிமே ஒரு டம்ளர் அரிசி போதும், நான் வீட்டுலயே தின்னுட்டு வந்துருதேன்” என்றார். இப்போது பழகுகிறது. ராஜபாளையத்தில் ஒரு கேட்டரிங்காரர் மொத்தமாகப் பாத்திரம் கேட்டிருந்தார். அந்த ஊருக்கு மூன்று வருடமாகப் போகவில்லை. பஸ் ஏறிப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். பழைய தெரு வழியாகப் போகவில்லை. போனால்தான் என்ன என்று திரும்பும்போது தோன்றியது.

பத்திரம் பதிவாகிவிட்டது. அலுவலகத்தில் என் பேரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். முதல் முறை நான் எழுந்திருக்கவில்லை.

ஷிஃபா அனுப்பிய படம் வந்தது. படகை முதல் முறையாகப் பார்க்கிறேன். இவ்வளவு காலம் அதை இதைவிடப் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் நாலு பேர். ஷிஃபா ஸ்டியரிங் பிடித்திருக்கிறாள். அத்தா ஒரு கையால் விளிம்பையும் மற்ற கையால் தொப்பியையும் பிடித்திருக்கிறார். அம்மா ஹானியாவின் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்திருக்கிறாள். சிரிக்கிறாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலமாகிறது. பார்த்துவிட்டுக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒன்று உறுத்த ஆரம்பித்தது. நேற்றிலிருந்து வேறு வேலை ஓடவில்லை.

அத்தாவின் தொப்பி மேலிருந்து தெரிகிறது. ஹானியாவின் வகிடு தெரிகிறது. உட்கார்ந்துகொண்டு எடுத்தால் அப்படி விழாது. படகுக்குப் பின்னால் நுரை இருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கிறது. நீ எழுந்து நின்றிருக்கிறாய் ஷமீர். நாலு பேரையும் ஒரே படத்தில் அடக்குவதற்காக, ஓடுகிற படகில், ஒன்றையும் பிடித்துக்கொள்ளாமல்.

படம் வேண்டாம். உட்கார்.

உன் அக்கா,
அல்ஃபியா